ஈ.எல். 2714: மிக நன்று

ஊர்காவற்றுறைச் சில்வெஸ்ரர் படகு வாங்கப் போனால் முதலில் படகைப் பார்க்க மாட்டார். விற்கிறவனுடைய பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பார். எந்தக் கல்லில் எப்போது மோதியது, எந்த மாரியில் கவிழ்ந்தது, எந்தப் பலகைக்கு மேல் வர்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அயலவன் கேட்காமலே சொல்லிவிடுவான். அயலவனைப் போல ஒருவனுடைய சாமானை நுணுக்கமாகக் கவனிப்பவர் உலகத்தில் வேறு எவரும் இல்லை. அதற்குப் பிறகுதான் சில்வெஸ்ரர் படகுக்குக் கிட்டப் போய் விரலால் தட்டிப் பார்ப்பார். ஐம்பத்தெட்டு வயது வரை இந்த முறை அவரை ஏமாற்றியதில்லை. ஆனால் அந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு சாமானின் சரித்திரத்தைக் கேட்டு அரசாங்கப் பணிமனை ஒன்றின் படி ஏறியதும் இல்லை.

இது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் நடந்தது. போர் ஓய்ந்த சமாதான காலம். பாதை திறந்து, பெற்றோல் வந்து, ஐஸ்கிறீமும் வந்து சேர்ந்திருந்த நேரம். அப்போதுதான் சில்வெஸ்ரர் ஒரு கார் வாங்கப் போகிறார் என்ற கதை ஊரில் பரவியது. அதுவும் படகை விற்று வாங்கப் போகிறார் என்று பரவியது. இரண்டும் உண்மை.

"படகை வித்துக் காரை வாங்கி, காரிலை போய் வலை போடப் போறியளோ?" என்று கேட்டாள் மனைவி அல்போன்சம்மா. கேட்டாளே தவிர, தடுக்கவில்லை. காரணம் அவளுக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன், மகள் அஞ்சலாவுக்கு முதல் பிள்ளைக்கு நோவு கண்டபோது, ஊரிலிருந்த ஒரேயொரு வாடகை வானில் அவளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். பண்ணைப் பாலத்தின் நடுவில் வான் பழுதாகி நின்றது. இரண்டு மணித்தியாலம் நின்றது. பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது. அழவில்லை. சில்வெஸ்ரர் அதை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே பாலத்தால் திரும்பி வந்தார். இன்றைக்கும் அந்த வான் தெருவில் வந்தால் அவர் மறுபக்கம் திரும்பி நிற்பார்.

இப்போது அஞ்சலாவுக்கு ஏழு மாதம். இந்தப் பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும், நோவு வந்தால் சுணங்காமல் கொண்டு வாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சுணங்காமல் என்ற சொல் சில்வெஸ்ரரின் நெஞ்சில் முள்ளாய் ஏறி நின்றுவிட்டது.

படகுதான் இருக்கிறதே, கடலால் கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். கடல் மீனுக்குத்தான் திறந்துவிடப்பட்டிருந்தது, நோயாளிக்கு அல்ல. தீவுப் படகு எதுவும் பட்டினக் கரையில் ஒதுங்கக் கூடாது என்பது இராணுவத்தின் கட்டளை. பாலத்துக் காவலரணில் ஒரு தடித்த பதிவேடு கிடந்தது. வாகன இலக்கம் அதில் இருந்தால் எந்நேரமும் கடக்கலாம். இல்லாவிட்டால் எந்நேரமும் கடக்க ஏலாது. தரைக்கும் தண்ணீருக்கும் அந்த ஒரு பதிவேடுதான். ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது, பதிவேட்டில் இலக்கம் உள்ள, நடுப்பாலத்தில் நிற்காத ஒரு வாகனம்.

அப்படி ஒன்று வேலணையில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளையிடம் இருந்தது. ஏ ஃபோர்ட்டி கார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பிறந்தது. இலக்கம் ஈ.எல். 2714. பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு மூடி பெற்றோல் காட்டி உசுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய பரம்பரையைச் சேர்ந்தது. ஆழ்வாப்பிள்ளை காரைக் காட்டுவதற்கு முன் அலுமாரியைத் திறந்து ஏழு சான்றிதழ்களைக் காட்டினார். தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்து இரண்டு வரை, வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. பிரேக்: மிக நன்று. விளக்கு: மிக நன்று. புகை: இல்லை. பொதுவான நிலை: மிக நன்று.

"தீவுப் பகுதியிலையே இப்பிடி ஒரு சரித்திரம் உள்ள கார் கிடையாது, சில்வெஸ்ரர்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "ஒரு வருசமும் பெயில் இல்லை."

சில்வெஸ்ரர் காரில் ஏறி பிரேக்கை மிதித்தார். கால் எந்தத் தடையும் இல்லாமல் போய்த் தகரத்தில் முட்டியது. இன்னொருதரம் மிதித்தார். அதே தகரம்.

"அண்ணை, பிரேக் இல்லைப் போலை கிடக்கு."

"சான்றிதழிலை மிக நன்று எண்டு கிடக்கே."

"என்ரை கால் வேறை மாதிரிச் சொல்லுது."

"உம்மடை கால் அரசாங்க உத்தியோகத்தரோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் தன் வாழ்க்கையில் முத்திரை குத்தாத எதையும் நம்பியதில்லை. "நான் கோயிலுக்குப் போய் வாறனான். வாசலிலை மணல் கும்பி வைச்சிருக்கிறன். அதிலை ஏத்தினால் தானாய் நிக்கும்."

சில்வெஸ்ரர் தன் பழைய முறைப்படி பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே றோஸ் என்ற பெண் வேலியோரம் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். காரின் சரித்திரம் என்னவென்று கேட்டார். றோஸ் சிரித்தாள்.

"கார் வேலணையை விட்டு வெளிக்கிட்டதை நான் ஒருநாளும் காணேல்லை அண்ணை. ஆனா அதின்ரை நம்பர் பிளேட் மட்டும் வருசத்துக்கு ஒருக்காப் பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போய் வாறது."

பகல் நேரத்திலேயே கள்ளு இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று சில்வெஸ்ரர் நினைத்துக்கொண்டார். அயலவரின் சொல்லை அவர் நம்பாமல் விட்டது வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான்.

*

வடபகுதி வாகனத் தகைமைப் பரிசோதனைப் பணிமனை யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கல்வீட்டில் இயங்கியது. முன் விறாந்தை முழுவதும், ஆள் உயரத்துக்கு, கோப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. முற்றம் பெரியது, துப்புரவாகக் கூட்டப்பட்டது, ஒரு சொட்டு எண்ணெய்க் கறையும் இல்லாதது. வாகனங்களைப் பரிசோதிக்கும் இடத்தில் எண்ணெய்க் கறை இல்லாததைச் சில்வெஸ்ரர் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை.

யன்னலுக்குள் எழுதுவினைஞர் சரோஜினிதேவி இருந்தார்.

"ஈ.எல். 2714இன்ரை பரிசோதனைச் சரித்திரம் பாக்கவேணும் பிள்ளை."

"நீங்கள் உரிமையாளரோ?"

"இல்லை. வாங்கலாமோ எண்டு பாக்கத்தான் வந்தனான்."

"உரிமையாளர்தான் பாக்கலாம். வாங்கிப்போட்டு வாங்கோ."

"வாங்கின பிறகு பாத்து என்ன பிள்ளை செய்யிறது?"

"சரித்திரம் எண்டால் நடந்து முடிஞ்சதைத்தானே ஐயா பாக்கிறது" என்றார் சரோஜினிதேவி. இதில் அவர் பகிடி எதுவும் விடவில்லை. பிறகு மனம் இரங்கி ஒரு சுற்றறிக்கையைப் புரட்டினார். "ஒரு வழி இருக்கு. பிளேட் ஆரின்ரை கையிலை இருக்குதோ, அவர்தான் இந்த யன்னலடியிலை உரிமையாளர். பிளேட்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ, பாக்கலாம்."

"ஏன் கழட்டுவான்? காரையே ஓடிக்கொண்டு வாறமே."

உள்ளே தட்டெழுத்துச் சத்தம் நின்றது. மூன்று தலைகள் திரும்பின.

"காரையோ?" என்றார் சரோஜினிதேவி. "காரை ஏன் ஐயா இஞ்சை கொண்டு வாறியள்?"

சில்வெஸ்ரருக்குத் தான் ஏதோ கூடாத வார்த்தை சொல்லிவிட்டோம் என்று மட்டும் விளங்கியது. வெட்கத்தோடு பஸ் ஏறினார்.

அடுத்த கிழமை, ஆழ்வாப்பிள்ளையின் அனுமதியோடு காரின் முன்தகட்டைக் கழற்றி, உரப் பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆழ்வாப்பிள்ளை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. திருகாணியைக் கழற்ற வேண்டிய திசையைக்கூட அவரே சொல்லிக் கொடுத்தார்.

பாலத்துக் காவலரணில் எல்லோரும் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தார்கள். பைக்குள் என்ன என்று காவலுக்கு நின்ற இராணுவப் பெடியன் கேட்டான். சில்வெஸ்ரர் தகட்டை வெளியே எடுத்தார். பெடியன் பதிவேட்டைப் புரட்டினான். விரலை வைத்துத் தேடினான். முகம் மலர்ந்தது.

"இருக்கு. ஈ.எல். இரண்டு ஏழு ஒன்று நாலு." அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "ஆனா இது வாகனம். ஆக்கள் போற வழியிலே போக ஏலாது. வாகன வழி அங்கே."

ஆகவே சில்வெஸ்ரர் வாகன வழியில் நின்றார். முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு உழவுயந்திரம். தகட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, லொறி நகர நகர அவரும் நகர்ந்தார். உழவுயந்திரக்காரன், விரைவாகப் போகச் சொல்லி இரண்டுதரம் கோர்ன் அடித்தான். தடுப்புக் கம்பத்தடியில் இன்னொருவன் தடியில் கட்டிய கண்ணாடியைத் தகட்டுக்குக் கீழே நீட்டி, இடமும் வலமும் ஆட்டி, அடிப்பாகத்தைக் கவனமாகப் பார்த்தான். அடிப்பாகத்தில் சில்வெஸ்ரரின் இரண்டு கால்கள் இருந்தன. ஆட்சேபனை எதுவும் எழவில்லை. கம்பம் உயர்ந்தது. வாகனம் பட்டினத்துக்குள் நுழைந்தது.

*

பிரதான பரிசோதகர் கனகசபை வெள்ளைச் சேர்ட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு சாய்வுப் பலகை, ஒரு தராசு. தகட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல மெல்ல மேசையில் வைத்தார்.

"வாரும் ஐயா, ஈ.எல். 2714" என்று அவர் தகட்டிடம்தான் சொன்னார். பிறகுதான் சில்வெஸ்ரரை நிமிர்ந்து பார்த்து, "இரும்" என்றார்.

சரோஜினிதேவி கோப்பைத் திறந்து சரித்திரத்தை வாசித்தார்.

"தொண்ணூற்றாறு: நிலை மிக நன்று. தொண்ணூற்றேழு: இடது மூலையில் துரு, கவனிக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. தொண்ணூற்றெட்டு: துரு கவனிக்கப்பட்டது, உரிமையாளர் பாராட்டப்பட்டார். தொண்ணூற்றொன்பது: ஒரு திருகாணித் துளை பெருத்துள்ளது. இரண்டாயிரம்: ஏழு என்ற இலக்கம் மங்கல். இரண்டாயிரத்து ஒன்று: ஏழு மீளப் பூசப்பட்டது. இரண்டாயிரத்து இரண்டு: குறை எதுவும் இல்லை, மிக நன்று. வாகனத்தின் நிறை: ஒன்றேகால் இறாத்தல்."

சில்வெஸ்ரர் தகட்டைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். வேலியோரத்தில் றோஸ் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவருடைய காதுக்குள் கேட்டது.

"ஐயா, அப்ப நீங்கள் காரைப் பாக்கிறேல்லையோ?"

கனகசபை பேனையை மூடி வைத்தார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் ஏழு வருடம் காத்திருந்தவர் போலத் தெரிந்தது.

"தொண்ணூற்றாறிலை என்ன நிலைமை எண்டு உமக்குத் தெரியுமோ? தீவு வாகனம் பாலத்தைக் கடக்கிறதெண்டால் எங்கடை சான்றிதழ் வேணும். எங்கடை சான்றிதழ் எடுக்கிறதெண்டால் வாகனம் பாலத்தைக் கடந்து இஞ்சை வரவேணும். நாலு மாசமாய் ஒரு வாகனமும் அசையேல்லை. உத்தியோகத்தர் பதினொரு பேர் இந்த முற்றத்தைப் பாத்துக்கொண்டு இருந்தம். ஒரு நாடு இப்பிடி நிக்கலாமோ? நான் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினன். ஒரு வாகனத்தை அடையாளம் காட்டுற பாகம் எது எண்டு கேட்டனான். மூண்டு மாசத்தாலை பதில் வந்தது: இலக்கத் தகடு. அவ்வளவுதான்! அடையாளம் காட்டுற பாகம் வந்தால் வாகனம் வந்த மாதிரி. மிச்சமெல்லாம் வெறும் இரும்பு. அண்டு துவங்கி இண்டு மட்டும், இந்தப் பணிமனையிலை பரிசோதிச்ச ஒரு வாகனமாவது பரிசோதனை நேரத்திலை விபத்துக்கு உள்ளானது எண்டு நீர் கேள்விப்பட்டனீரோ?"

"இல்லை ஐயா."

"புகை விட்டதோ?"

"இல்லை."

"தென்பகுதியிலை போய்ப் பாரும். நூற்றுக்கு நாற்பது பெயில். இஞ்சை ஒண்டும் இல்லை. நாங்கள் வேலை செய்யிற தரம் அப்பிடி."

"பிரேக் மிக நன்று எண்டு போட்டிருக்கிறியளே ஐயா. அதை எப்பிடிப் பாத்தனீங்கள்?"

கனகசபை தகட்டைச் சாய்வுப் பலகையில் வைத்தார். ஒரு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தார். தகடு வழுகவில்லை. "பாத்தீரோ? பிடிச்சுக்கொண்டு நிக்குது." தகட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், அது மின்னியது. "விளக்கு." சுத்தியலால் தட்டினார், கணீரென்றது. "கோர்ன்."

சில்வெஸ்ரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நடுப்பாலத்தில் நின்ற வானும், அதற்குள் அஞ்சலா கத்திய கத்தலும் நினைவுக்கு வர, சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஐயா, என்ரை மகள் பிள்ளைத்தாச்சி. முதற் பிள்ளையை நான் அந்தப் பாலத்திலை பறிகுடுத்தனான். இருக்கிற படகை வித்துத்தான் இந்தக் காரை எடுக்கப் போறன். இது நடுவழியிலை நிக்குமோ நிக்காதோ எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

கனகசபையின் முகம் உண்மையாகவே கனிந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல, அதுதான் வில்லங்கம்.

"இதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். நீர் பயப்பிடாதேயும். இந்தப் பிளேட்டை நம்பி உம்மடை மகளைத் தாராளமாய் ஏத்தலாம்."

"பிளேட்டிலை எப்பிடி ஐயா ஏத்திறது?"

"அது போக்குவரத்து விசயம்" என்றார் கனகசபை. "நாங்கள் பரிசோதனை."

சில்வெஸ்ரர் எழுந்தார். "இப்பதானே பாதை திறந்து கிடக்குது. இந்த வருசம் பரிசோதனைக்கு நான் காரைக் கொண்டு வாறன். அதை வாங்கப் போறவன் நான். நீங்கள் அதைப் பாத்துத்தான் ஆகவேணும்."

"பாதை திறந்தது சரி. சுற்றறிக்கை இன்னும் திறக்கேல்லை" என்றார் கனகசபை.

*

ஆழ்வாப்பிள்ளையைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமை எடுத்தது. முழுக் காரையும் பரிசோதனைக்குக் கொண்டுபோவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. கடைசியில், எட்டாவது சான்றிதழும் கிடைக்கும் என்ற ஆசையில் சம்மதித்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஈ.எல். 2714, தன் தகட்டோடு ஒன்றாக, ஏழு வருடத்தில் முதன்முறையாகப் பாலத்தைக் கடந்தது. ஆழ்வாப்பிள்ளை ஓட்டினார். சில்வெஸ்ரர் பக்கத்தில் இருந்தார். வழியில் நிற்கவேண்டிய அவசியம் வந்த இடங்களில் எல்லாம் ஆழ்வாப்பிள்ளை தெருவோரப் புல்லில் இறக்கியும், மேட்டில் ஏற்றியும், ஒரு தடவை தபால் கந்தோர் மதிலோடு உரசியும் நிறுத்தினார். காவலரணில் கம்பத்தைக் கொஞ்சம் முந்தியே உயர்த்தும்படி சில்வெஸ்ரர் யன்னலால் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

பணிமனை வாசலுக்குள் கார் நுழைந்தது. துப்புரவாகக் கூட்டிய அந்த முற்றத்தில் மணல் கும்பி கிடையாது என்பது அப்போதுதான் ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

"மணல்! மணல் எங்கை?" என்று அவர் கத்தினார்.

கார் முற்றத்தைக் கடந்தது. பெயர்ப்பலகையைச் சாய்த்தது. விறாந்தையில் நின்ற சரோஜினிதேவி தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலுக்குள் பாய்ந்தார். கார் விறாந்தையின் ஒரு படியில் ஏறி, ஆள் உயரக் கோப்பு அடுக்குக்குள் பாதிவரை புகுந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கம் முழுவதும் நசிந்து உள்ளே போய்விட்டது. ரேடியேற்றரிலிருந்து வெந்நீர் கொட்டியது. ஏழு வருடத்துப் பரிசோதனைச் சரித்திரங்கள் காருக்கு மேலே மெல்ல மெல்ல வந்து விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை.

கனகசபை வெளியே வந்தார். நசிந்த காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கோப்புகளை விலக்கிக்கொண்டு குனிந்தார். கைலேஞ்சியால் தகட்டைத் துடைத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லை" என்றார் அமைதியாக. "சரோஜினிதேவி, எழுதும். இரண்டாயிரத்து மூன்று. பொதுவான நிலை: மிக நன்று."

"பிரேக், சேர்?"

கனகசபை கோப்பு அடுக்கைப் பார்த்தார். அதற்குள் செருகிக்கொண்டு நின்ற காரைப் பார்த்தார். "நிண்டதுதானே? மிக நன்று." பிறகு சில்வெஸ்ரர் பக்கம் திரும்பினார். "உமக்கு இப்பவாவது விளங்குதோ? வாகனத்தை நிப்பாட்டினது எது? எங்கடை ஆவணங்கள்!"

அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சில்வெஸ்ரர் முற்றத்தில் சாய்ந்து கிடந்த பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார். கார் போய்விட்டது. வான் அவருக்கு வேண்டாம். மகளுக்கு நாள் நெருங்குகிறது. இவ்வளவு அழிவுக்குள்ளும் ஈரம்கூடப் படாமல் இருந்தது அந்தத் தகடு மட்டும்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யன்னலடிக்குப் போனார்.

"பிள்ளை, பிளேட் ஆரின்ரை கையிலையோ அவர்தான் உரிமையாளர் எண்டனீர்."

"ஓம். சுற்றறிக்கை அப்பிடித்தான்."

"பிளேட்டை எதிலை பூட்டவேணும் எண்டு அதிலை எழுதிக் கிடக்கோ?"

சரோஜினிதேவி சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். பின்னிணைப்பையும் பார்த்தார். "அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா."

அன்றைக்கே சில்வெஸ்ரர் ஆழ்வாப்பிள்ளையிடமிருந்து தகட்டை வாங்கினார். விலை ஒரு கடகப் பெட்டி நிறையப் பாரைக் கருவாடு. எட்டாவது சான்றிதழைத் தன் அலுமாரியில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி தரவேண்டும் என்பதுதான் ஆழ்வாப்பிள்ளையின் ஒரே நிபந்தனை.

*

டொக்டர் குறித்த நாளுக்குப் பதினொரு நாள் முந்தி, ஒரு பிற்பகலில், அஞ்சலாவுக்கு நோவு கண்டது.

படகு கரையில் நின்றது. அந்தப் படகின் சரித்திரத்தைச் சில்வெஸ்ரர் எந்தப் பணிமனையிலும் கேட்கத் தேவையில்லை. எந்த ஆணியை எந்த நாள் அடித்தது என்று அவருக்குத் தெரியும். இயந்திரத்தை அவர் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவதற்கு முன் கழற்றிப் பூட்டுகிறவர். படகின் முன்முனையான அணியத்தில், அந்தோனியார் படத்துக்குக் கீழே, ஈ.எல். 2714 திருகாணி போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. பாயும் தலையணையும் போட்டு அஞ்சலாவைப் படுக்க வைத்தார்கள். அல்போன்சம்மா மகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுட்டுப்போடுவாங்களோ?" என்று கேட்டாள்.

"பிளேட் இருக்குது" என்றார் சில்வெஸ்ரர்.

பாலத்துக்குக் கிட்ட வர, காவலரணில் விசில் ஊதினார்கள். துவக்கு ஒன்று கடல் பக்கம் திரும்பியது. சில்வெஸ்ரர் இயந்திரத்தை அடக்கி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் அணியத்தைக் காட்டினார். அதே பெடியன்தான் நின்றான். தூரக்கண்ணாடியை எடுத்தான். படகைப் பார்த்தானோ, படகுக்குள் கத்திக்கொண்டு கிடந்த பெண்ணைப் பார்த்தானோ, தகட்டை மட்டும் பார்த்தானோ, அது அவனுக்குத்தான் வெளிச்சம். கண்ணாடியை இறக்கினான். பதிவேட்டைப் புரட்டினான். விரலை வைத்துத் தேடினான். கண்டுபிடித்தான்.

பாலத்தின் மேல், ஒருவரும் இல்லாத வாகன வழியில், தடுப்புக் கம்பம் மெல்ல உயர்ந்தது. படகு பட்டினக் கரையில் ஏறும்வரை உயர்ந்தே நின்றது. பிறகு இறங்கியது. வாகனம் ஒன்று கடந்ததாகப் பதியப்பட்டது.

கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம்தான். பிள்ளையை எடுத்தபோது அது அழுதது. கட்டடம் அதிரும்படி, ஊர்காவற்றுறைச் சந்தையில் மீனை ஏலம் கூறுகிற குரலில் அழுதது. வெளியே வாங்குப் பலகையில் இருந்த சில்வெஸ்ரர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு தானும் அழுதார். பெண் பிள்ளை. இம்முறை பெயர் வைக்க நேரம் இருந்தது. நிருஜா என்று வைத்தார்கள்.

அடுத்த வருடம் பணிமனையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வருடாந்தப் பரிசோதனைக்கு வாகனத்தைச் சமர்ப்பிக்கவும். சில்வெஸ்ரர் அணியத்திலிருந்து தகட்டைக் கழற்றி, உரப் பையில் சுற்றி, பஸ்ஸில் போய், வாகன வழியில் நின்று, பாலத்தைக் கடந்து, பச்சைத் துணி மேசையில் வைத்தார். கனகசபை உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். கீழ் ஓரத்தை நகத்தால் சுரண்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது. பிறகு, ஒரு நல்ல வாகனம் பராமரிப்பு இல்லாமல் கெட்டுப்போவதைப் பொறுக்காத அந்த மனிதர், கோப்பைத் தாமே இழுத்து எழுதினார்:

"2004. கீழ் ஓரத்தில் உப்புத் துரு. வாகனத்தைக் கடற்கரையை அண்டி நிறுத்துவதைத் தவிர்க்குமாறு உரிமையாளருக்கு அறிவுறுத்தப்பட்டது. பிரேக்: மிக நன்று."